தூணின் குரல்

"மூணு வருஷமா வாயை ஆட்டிக்கிட்டே இருக்கேன். ஒரு சத்தம் வெளிய வந்திருக்கா?"

செங்கமலம் கேட்டாள்.

குரு இட்லி தின்றுகொண்டிருந்தாள்.

வளசரவாக்கத்தில் ஒரு ஷூட்டிங் வீடு. வாசலில் வாழைமரம், உள்ளே மணவறை. டிவி தொடரில் அன்றைக்குக் கல்யாணம். கல்யாணம் என்றால் கூட்டம் வேண்டும். செங்கமலம் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. குருவும் ஒருத்தி. இன்னும் முப்பது பேர்.

துணை நடிகைகள் என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம். உள்ளே அவர்களுக்குப் பெயர் கூட்டம்தான். "கூட்டம் சாப்பிட்டாச்சா? கூட்டத்தை உள்ள அனுப்பு."

குருவின் பெயர் ஸ்டெல்லா. வயது முப்பத்தாறு. சிஷ்யைக்கு நாற்பத்தொன்பது.

வயதில் என்ன இருக்கிறது? ஸ்டெல்லா இந்தத் தொழிலுக்கு வந்தபோது ஆறு மாதக் குழந்தை. தொட்டிலில் கிடந்து அழுததுதான் முதல் வேடம். அன்றிலிருந்து அவளால் ஒரு டேக்கும் கெட்டதில்லை. அதனால் மற்றவர்கள் கேலியாக வைத்த பெயர், குரு.

செங்கமலம் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்த முதல் நாளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். யார் சரக்கு அசல், யார் சரக்கு பூச்சு என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள் செங்கமலம். இருபத்தைந்து வருஷம் தெருவில் அடிபட்டுக் கற்றது.

"கேக்குறேன்ல? காது அடைச்சுப் போச்சா?"

ஸ்டெல்லா விரலை வழித்துக்கொண்டு சொன்னாள்.

"சட்னில உப்பு கம்மி அக்கா."

*

செங்கமலத்தின் பழைய தொழில் பாத்திரம்.

இடுப்பில் கூடை. கூடையில் எவர்சில்வர். அயனாவரத்தில் நாலு தெரு அவள் ராஜ்ஜியம். பழைய புடவை, பழைய பேண்ட், கிழிந்த வேட்டி, எது கொடுத்தாலும் அதற்குத் தக்க பாத்திரம்.

"பழைய துணிக்குப் பாத்திரமேய்ய்!"

தெரு முனையில் அவள் வாயைத் திறந்தால் மூன்றாம் மாடியில் பால் பொங்குவதை விட்டுவிட்டுப் பெண்கள் ஓடி வருவார்கள். முகம் பார்க்க வேண்டாம். குரல் போதும். பாத்திரக்காரி வந்துட்டா.

பேரத்தில் அவளை மடக்கியவர் கிடையாது. கோபம் வந்தால் கொடுத்த குடத்தைப் பிடுங்கிக்கொண்டு துணியை முகத்தில் எறிந்துவிட்டுப் போவாள். மறுநாள் அதே வீட்டு வாசலில் நின்று அதே குடத்தை அதே துணிக்குக் கொடுப்பாள்.

கூடை சுமந்து முட்டி போயிற்று. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. அப்போதுதான் யாரோ சொன்னார்கள், நிற்கிற வேலை ஒன்று இருக்கிறது, நல்ல புடவை வைத்திருந்தால் போதும் என்று. புடவைக்கு அவளிடம் என்ன பஞ்சம்?

வந்தாள். நின்றாள். "வாயை மட்டும் ஆட்டும்மா, சத்தம் வரக் கூடாது" என்றார்கள்.

நாலு தெருவை எழுப்பிய வாய்க்கு இது வந்து வாய்த்தது.

*

நாத்தனார் பூங்காவனம் அரக்கோணத்தில் மெஸ் வைத்திருந்தாள். அவளுக்குப் பாத்திரம் கழுவ நம்பிக்கையான ஆள் தேவை.

போனில் கேட்டாள்.

"நடிக்கிறியாமே? பார்த்தேன். ஒரு ஓரமா நிக்கிற. அந்த ஓரத்துல ஒரு தூணும்தான் நிக்குது. தூணுக்குப் பேரு நடிகையா?"

செங்கமலத்துக்கு உச்சி சுட்டது.

"பாத்திரம் வித்தவ பாத்திரம் கழுவினா என்னடி குறைஞ்சுடும்? வந்து சேரு."

"சித்திரை பொறக்கறதுக்குள்ள என் குரல் டிவில வரும். வரலைன்னா, மூட்டை கட்டிக்கிட்டு உன் மெஸ்ஸுக்கு வந்துடறேன். சரியா?"

"வாக்கு மாற மாட்டியே?"

"செங்கமலம் பேசின பேரத்தை என்னைக்காவது மாத்தியிருக்காளா?"

மாற்றியதில்லை. அதுதான் வம்பு.

இப்போது பங்குனி நடந்துகொண்டிருந்தது.

*

"கூட்டம் உள்ள வாங்க!"

பந்தியில் உட்கார வைத்தார்கள். முன்னால் கதாநாயகியும் மாமியாரும் பேசுவார்கள். பின்னால் இவர்கள் காபி குடித்துக்கொண்டே பேச வேண்டும். குடிப்பதற்குக் காபி கிடையாது, பேசுவதற்குச் சத்தம் கிடையாது.

செங்கமலம் கையில் கொடுத்த டம்ளரை நகத்தால் சுண்டினாள். காதில் வைத்துக் கேட்டாள். பழக்கம் விடவில்லை.

"தகரம். இதுல காபி ஊத்தினா டம்ளரே கரைஞ்சுடும்."

எதிரே ஸ்டெல்லா காலி டம்ளரை வாயருகே கொண்டுபோனாள். ஊதினாள். மறுபடி ஊதினாள்.

"எதுக்கு ஊதற? உள்ளதான் ஒண்ணும் இல்லையே?"

"சூடா இருக்கு அக்கா."

"ஆக்‌ஷன்!"

முப்பது வாய்கள் அசைந்தன. பக்கத்திலிருந்தவள் ஒண்ணு ரெண்டு மூணு எண்ணினாள். அதற்கு அடுத்தவள் ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொன்னாள். என்ன சொன்னால் என்ன, கேட்கவா போகிறது?

செங்கமலம் ஏஜென்ட்டைத் திட்டினாள். துரைக்கண்ணு என்று பேர். ஆள் சேர்த்து வேனில் அடைத்துக் கொண்டுவருகிறவன். மூன்று வருஷமாக ஒவ்வொரு கல்யாணத்திலும் கருமாதியிலும் அவள் வாய் அவனைத்தான் திட்டியது. சிரித்த முகத்தோடு, விரலை ஆட்டி ஆட்டி, சத்தமே இல்லாமல்.

"துரைக்கண்ணு, உன் வேன் நடுரோட்டுல நிக்க! உன் கண்ணுல கொள்ளி வெக்க!"

திட்டிக்கொண்டே எதிரே பார்த்தாள். ஸ்டெல்லாவும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். நிதானமாக. ஒவ்வொரு சொல்லாக. உதட்டைக் குழந்தைக்குச் சோறு பிசைவது போலப் பக்குவமாக அசைத்து.

"கட்!"

"ஏம்மா, நீ என்ன சொல்லுவ?"

"எப்ப?"

"வாயை ஆட்டும்போது. எண்ணறியா, திட்டறியா?"

"உனக்குக் கேட்டுச்சா அக்கா?"

"சத்தமே இல்லாம எப்படிக் கேக்கும்?"

"அப்ப அது உனக்கு இல்ல."

செங்கமலத்துக்கு எரிச்சலாக வந்தது. குரு என்றால் இப்படித்தான் பேச வேண்டும் என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறதா?

*

மத்தியானம் துரைக்கண்ணு வந்தான்.

"ஸ்டெல்லா, ஒரு டயலாக் இருக்கு. சீர்க்கூடையோட வாசல்லேருந்து ஓடி வரணும். 'மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்க!'ன்னு கத்தணும். அவ்வளவுதான். நீ பண்ணிடு."

செங்கமலம் வேறு பக்கம் பார்த்தாள். கண்ணில் பட்டது மணவறைத் தூண். அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

"எனக்கு வேற வேலை இருக்கு" என்றாள் ஸ்டெல்லா. "செங்கமலம் அக்காவுக்குக் குடுங்க."

"உனக்கு என்ன வேற வேலை? வாசல்ல கூட்டத்தோட நிக்கப் போற."

"அதான் வேலை."

துரைக்கண்ணு செங்கமலத்தை மேலும் கீழும் பார்த்தான். "சொதப்ப மாட்டியே?"

"நாலு தெருவுக்குக் கத்தினவ. உன் ஒத்தை வாசலுக்குக் கத்த மாட்டேனா?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

செங்கமலம் ஸ்டெல்லா பக்கம் திரும்பினாள். சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம் வந்தது. சும்மா கொடுக்கிறவளிடம் அவள் ஒரு கரண்டிகூட வாங்கியதில்லை. சும்மா வருகிற பாத்திரத்தில் எங்காவது ஓட்டை இருக்கும்.

"என்ன வேணும் உனக்கு?"

"ஒண்ணும் வேணாம்."

"அந்தப் பேச்சே வேணாம். கைமாறா என்ன கேக்குற, சொல்லு."

ஸ்டெல்லா கொஞ்சம் யோசித்தாள்.

"ஒரு ஞாயித்துக்கிழமை என்கூட வரணும்."

"எங்க?"

"வந்தாத் தெரியும்."

"எதுக்கு?"

"வந்தாத் தெரியும்."

மோசமான பேரம். சரக்கைக் காட்டாமல் விலை கேட்கிறாள். ஆனாலும் டயலாக் ஆயிற்றே.

"சரி. பேசினது பேசினதுதான்."

*

நூறு தடவை சொல்லிப் பார்த்தாள். கொல்லைப்புறத்தில் சொன்னாள். கக்கூஸில் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்க.

நடுவில் போனை எடுத்து அயனாவரத்தில் தெருவுக்கு ஒருத்தியிடம் சொன்னாள். அரக்கோணத்துக்கும் சொன்னாள். "பேசறேன்டி. பேசறேன். பார்த்துட்டுச் சொல்லு, தூணு பேசுதான்னு."

நாலு மணிக்குக் கூப்பிட்டார்கள்.

வெளியே கேட் அருகில் நிறுத்தினார்கள். வெயில் சாய்ந்திருந்தது. உள்ளே வாசலில் கூட்டம் நின்றது. கூட்டத்தில் ஸ்டெல்லா.

சீர்க்கூடையைக் கொண்டுவந்து இடுப்பில் வைத்தார்கள்.

கூடை நிறையப் பாத்திரம். இதில் தகரம் இல்லை. குடம், தவலை, தூக்குச் சட்டி, எல்லாம் அசல் எவர்சில்வர். அந்தக் கனம் இடுப்பில் ஏறியது. மூன்று வருஷத்துக்குப் பிறகு ஏறியது. ஒரு கை தானாகப் போய்க் கூடை விளிம்பைப் பிடித்தது. வெயில் பாத்திரத்தில் பட்டு முகத்தில் அடித்தது.

"ஆக்‌ஷன்!"

செங்கமலம் ஓடினாள். முட்டி வலிக்கவே இல்லை. வாசலுக்கு வந்தாள். வாயைத் திறந்தாள்.

"பழைய துணிக்குப் பாத்திரமேய்ய்!"

பந்தல் முழுக்க உறைந்து நின்றது.

"கட்!"

பிறகு சிரிப்பு. விளக்குப் பிடிப்பவன் சிரித்தான். சமையல்காரர் வெளியே வந்து சிரித்தார். துரைக்கண்ணு தலையில் கை வைத்துக்கொண்டான்.

"சார், இன்னொரு தடவை! ஒரே ஒரு தடவை! சரியாச் சொல்லிடறேன் சார்!"

டைரக்டர் மானிட்டரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"வாய் நல்லாத் தெறந்துச்சா? ஓடி வந்தது ஓகேவா? போதும். டப்பிங்ல பார்த்துக்கலாம். வெளிச்சம் போகுது, அடுத்த ஷாட்."

டப்பிங். அந்தச் சொல்லில் உயிர் திரும்பி வந்தது. படம் பிடித்த பிறகு, ஒரு அறையில் மைக் முன்னால் நின்று உதட்டுக்குத் தக்கபடி பேசிச் சேர்ப்பார்கள். அங்கே போய்ச் சரியாகச் சொல்லிவிடலாம்.

உதவி டைரக்டர் பெண்ணைப் பிடித்துக்கொண்டாள். "டப்பிங்குக்கு நான்தானே வரணும்?"

"சொல்லி அனுப்பறோம்மா" என்றது அந்தப் பெண், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

*

சொல்லி அனுப்பவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் தொடர் வந்தது. அயனாவரத்தில் அரிசிக் கடைக்காரி வீட்டில் பதினோரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஒரு காலத்தில் அவளுக்குப் பழந்துணி கொடுத்தவர்கள். நடுவில் நாற்காலி போட்டுச் செங்கமலத்தை உட்கார வைத்திருந்தார்கள்.

கேட் தெரிந்தது. வாசல் தெரிந்தது. கூடையோடு செங்கமலம் ஓடி வந்தாள்.

"அய்யோ, நம்ம பாத்திரக்காரிடி!"

வாய் திறந்தது.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்க!"

மெல்லிசான குரல். இருபது வயதுப் பெண்ணின் குரல். ஜவ்வரிசிப் பாயசம் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று.

அரிசிக் கடைக்காரி மெதுவாகக் கேட்டாள்.

"இது உன் குரல் இல்லையே?"

செங்கமலம் எழுந்தாள். செருப்பை மாட்டும்போதே போன் அடித்தது. அரக்கோணம்.

"பார்த்தேன்" என்றாள் பூங்காவனம். "தூணுக்கு யாரோ குரல் குடுத்திருக்காங்க போல. நல்லா இருந்துச்சு. சித்திரைக்கு இன்னும் நாலு நாள்தான். எப்ப வர்ற?"

"ஞாயித்துக்கிழமை" என்றாள் செங்கமலம்.

*

மறுநாள் ஷூட்டிங் வீட்டுக்குள் அவள் நுழைந்தபோது கூட்டம் வழி விட்டது. முகம் அப்படி இருந்தது.

"உனக்குத் தெரியும்! உனக்கு முன்னாலயே தெரியும்டி!"

ஸ்டெல்லா தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் அக்கா."

"கூட்டத்துல ஒருத்திக்கு டயலாக் குடுத்தா, குரலை வேற ஒருத்திக்குக் குடுத்துடுவாங்கன்னு தெரியும். அதான் எனக்குத் தள்ளிவிட்ட. ஓட்டைப் பாத்திரத்தைத் தலையில கட்டிட்ட! குருவாம் குரு! நாலு தெருவுல என் மானம் போச்சு. நான் அரக்கோணத்துல எச்சில் தட்டு கழுவப் போறேன். உனக்குத் திருப்தியா?"

ஸ்டெல்லா பூவில் ஊக்கைக் குத்தினாள்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன்னு பேசியிருக்க."

"என்னது?"

"பேரம் பேசியிருக்கோம் அக்கா."

கெட்ட சரக்கை வாங்கியாயிற்று என்றாலும், பேசின விலை பேசின விலைதான்.

"ரயில் சாயங்காலம் அஞ்சு மணிக்கு" என்றாள். "அதுக்குள்ள விட்டுடணும்."

*

ஞாயிறு காலை தாம்பரம் தாண்டிப் பஸ்ஸில் போனார்கள். செங்கமலத்தின் மடியில் பெரிய பை. அரக்கோணத்துக்குக் கட்டிய மூட்டை. வழி முழுக்க அவள் பேசவில்லை. ஸ்டெல்லா எப்போதும் பேசுகிறவள் இல்லை.

வேப்பமரம் வைத்த ஒரு காம்பவுண்டு. நீளமான ஓட்டுக் கட்டடம். பெண் பிள்ளைகளின் ஹாஸ்டல். முற்றத்தில் முப்பது நாற்பது பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

ஏதோ ஒன்று சரியில்லை என்று தோன்றியது செங்கமலத்துக்கு. என்னவென்று பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. இத்தனை பிள்ளைகள் ஓடுகிறார்கள், ஒருத்தியும் கத்தவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"காது கேக்காத பிள்ளைங்களா?"

ஸ்டெல்லா தலையசைத்தாள்.

அதற்குள் ஒரு பிள்ளை இவர்களைப் பார்த்துவிட்டாள். நின்றாள். செங்கமலத்தையே பார்த்தாள். கண் விரிந்தது. பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். கன்னத்தை உப்பிக்கொண்டு, சிரித்த முகத்தோடு, ஒரு விரலை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். அவள் அடுத்தவளை இடித்தாள். நொடியில் முற்றம் முழுக்க விரல்கள் ஆடின.

"என்ன காட்டுதுங்க?"

"உன் பேரு."

"என் பேரா?"

"இங்க எல்லாருக்கும் கையால ஒரு பேரு உண்டு. உன் பேரு அது."

"என்னை எப்படித் தெரியும் இதுங்களுக்கு?"

ஒரு பெரிய பிள்ளை முன்னால் வந்தாள். செங்கமலத்தை வணங்கினாள். பிறகு ஸ்டியரிங் பிடிப்பது போலக் கையைச் சுழற்றி, வண்டி தடக்கென்று நிற்பதாகக் காட்டி, தன் இரண்டு கண்களையும் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வேன் நடுரோட்டில் நிற்க. கண்ணில் கொள்ளி வைக்க.

செங்கமலம் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"அடியே ஸ்டெல்லா!"

"இவங்களுக்கு உதட்டைப் பார்த்தாப் போதும் அக்கா. துரைக்கண்ணுவை நல்லாத் தெரியும்."

*

பதினோரு மணிக்குத் தொடரின் மறு ஒளிபரப்பு. பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். செங்கமலத்துக்கு முட்டிக்காக ஒரு ஸ்டூல் வந்தது. பையைச் சுவரோரம் வைத்தாள். கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

டிவி ஓடியது. சத்தம் இல்லை. யாரும் வைக்கவில்லை. எதற்கு?

கதாநாயகி கண்ணைத் துடைத்தாள். மாமியார் கத்தினாள். பிள்ளைகள் அவர்களைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கண்ணெல்லாம் திரையின் ஓரத்தில் இருந்தது.

கேட் வந்தது. வாசல் வந்தது. வாசல் கூட்டத்தில், இடப்பக்கத்தில், ஸ்டெல்லா.

ஒருத்தியும் அசையவில்லை.

திரையில் ஸ்டெல்லா பக்கத்திலிருந்தவளோடு பேசினாள். நிதானமாக. ஒவ்வொரு சொல்லாக.

அறையில் இருந்த அத்தனை பிள்ளைகளும் கையைத் தூக்கித் தங்கள் தலையைத் தொட்டுக் காட்டினார்கள். திரைக்குக் காட்டினார்கள். ஸ்டெல்லா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் திரைக்குத்தான் காட்டினார்கள்.

செங்கமலம் தழைந்த குரலில் கேட்டாள். "என்ன சொன்ன?"

"தலைக்கு எண்ணெய் வெச்சியான்னு கேட்டேன்."

"இதுல உன் பிள்ளை யாரு?"

"முதல்ல ஒருத்திதான் இருந்தா" என்றாள் ஸ்டெல்லா.

செங்கமலம் திரும்பிப் பார்த்தாள். குருவின் கண் எந்தப் பிள்ளை மேலும் தனியாக நிற்கவில்லை.

திரையில் கேட் பக்கம் ஏதோ மின்னியது. சீர்க்கூடையோடு ஒரு பெண் ஓடி வந்தாள். வாசலில் நின்றாள். வாய் அகலத் திறந்தது.

ஜவ்வரிசிப் பாயசக் குரல் வரவில்லை. எந்தக் குரலும் வரவில்லை. அந்த வாய் மட்டும், அன்றைக்குக் கத்தியபடியே.

பிள்ளைகள் திடுக்கிட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கைகள் படபடவென்று பேசின. பிறகு நாற்பது தலைகளும் ஸ்டூல் பக்கம் திரும்பின.

கடைசி வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை. ஏழு வயது இருக்கும். முன்பற்கள் இரண்டும் இல்லை. எழுந்தாள். வெளியே ஓடினாள்.

"பயந்துடுச்சா?" என்றாள் செங்கமலம்.

ஸ்டெல்லா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் திரும்பி வந்தாள். கையில் ஒரு பழைய கட்டம் போட்ட பாவாடை. கொண்டுவந்து செங்கமலத்தின் மடியில் வைத்தாள். இரண்டடி பின்னால் போய் நின்றாள். காத்திருந்தாள்.

செங்கமலத்துக்குப் புரியவில்லை. பாவாடையைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள்.

அப்புறம் அவள் கை புரிந்துகொண்டது. பாவாடையை உதறி விரித்தது. தையலைப் பிதுக்கிப் பார்த்தது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தது.

வாய் திறந்தது. சத்தம் போடவில்லை.

'இடுப்புல கிழிசல். டம்ளர்தான் வரும்.'

பிள்ளை தலையை ஆட்டினாள். மாட்டேன்.

'சரி, கிண்ணம்.'

பிள்ளை அவளைத் தாண்டிச் சுவரோரம் போனாள். அரக்கோணத்துப் பையின் ஜிப்பை இழுத்தாள். புடவைகளை எடுத்துத் தரையில் வைத்தாள். ஒன்று, இன்னொன்று, எல்லாம். அடியிலிருந்து தண்ணீர் குடிக்கிற சொம்பு வந்தது. பிள்ளை அதை நகத்தால் சுண்டி, தாடையில் ஒட்ட வைத்து அதிர்வைப் பார்த்தாள். முகம் சுருங்கியது. சொம்பை ஓரமாக வைத்தாள்.

திரும்பி வந்து இரண்டு கைகளையும் வட்டமாக வளைத்து, இடுப்பில் ஒன்றை ஏந்திக் காட்டினாள்.

குடம்.

'அடிப்பாவி!' என்றது செங்கமலத்தின் வாய். 'இந்தத் துணிக்குக் குடமா?'

ஆமாம்.

செங்கமலம் முறைத்தாள். பிள்ளை முறைத்தாள். நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

'அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டாறேன்.'

அவள் பாவாடையை மடிக்கத் தொடங்கினாள்.

பிள்ளை எட்டி, மடியிலிருந்து அதை வெடுக்கென்று பிடுங்கி, முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

முதலில் குடம்.